மூன்று நிமிஷத் தோடி

சங்கீத ரசிகர்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. வித்வானை எதிரே பார்த்து, அவருடைய கைவீச்சையும், பக்கவாத்தியக்காரர் ஒரு நல்ல பிடியைப் பிடித்துவிட்டபோது அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியையும் கண்டுகொண்டே கேட்டாலன்றிச் சங்கீதம் அனுபவமாகாது என்று சாதிப்பவர்கள் ஒரு சாரார். நாற்காலி இரைச்சலும் இருமலும், பல்லவி நடுவில் எழுந்து காப்பிக்குப் போகிறவர்களின் சலசலப்பும் இல்லாமல், வீட்டுக் கூடத்தில் ஏகாந்தமாக உட்கார்ந்து இசைத்தட்டில் கேட்பதே உத்தமம் என்பவர்கள் மற்றொரு சாரார். நான் இரண்டு கட்சியிலும் சந்தா கட்டியவன். ஆனால் மற்ற எல்லாவற்றிலும் சண்டையிட்டுக்கொள்ளும் இவ்விரு கட்சியாரும், இசைத்தட்டு என்பது கச்சேரியின் சுருங்கிய நகல் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்களே, அந்த ஒன்றில்தான் எனக்குச் சம்மதமில்லை. பழைய பிளேட்டுகளைத் தேடி அலைவதிலும், மாலை வேளைகளில் சபா வாசல்களில் காத்திருப்பதிலுமே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டவன் என்ற உரிமையில் அதற்கான காரணங்களைச் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

மாயவரத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில் கிராமபோன் இருந்த இடம் காப்பி கிளப் ஒன்றுதான். அதன் முதலாளி, சாவி கொடுக்கும் வேலையை வேறு எவரிடமும் ஒப்படைக்க மாட்டார். கிட்டப்பாவின் பிளேட்டை அவர் வைத்துவிட்டால், வாங்கிய காப்பி ஆறிப்போவதைப் பொருட்படுத்தாமல் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காப்பி வாங்க யோக்கியதையில்லாத எங்களைப் போன்ற சிறுவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்தக் கிட்டப்பா 1933-லேயே, முப்பது வயது நிரம்பு முன், காலமாகிவிட்டார் என்பதை வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதே வயதில்தான், அக்கம்பக்கத்துக் கோயில் உற்சவமொன்றில், சுவாமி புறப்பாட்டின்போது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்கும் பாக்கியமும் கிடைத்தது. தெருமுனையில் சுவாமியை இறக்கி வைத்துவிட்டார்கள். காஸ் விளக்குத் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். காந்தாரத்தில் நின்று அசைத்து, மேலே போவதுபோல் போக்குக் காட்டி மறுபடியும் காந்தாரத்துக்கே வந்து, கேட்கிறவர்களுடைய பொறுமையையே ஒரு சுருதியாகச் சேர்த்துக்கொண்டு அவர் வாசித்த அந்த ஆலாபனை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதைச் சொல்லக் கூடியவர் எவரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க முடியாது.

பிற்காலத்தில் சென்னையில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்து, முதல் தேதிச் சம்பளத்தில் ஹோட்டல் பாக்கி போக ஏதோ மிஞ்சிய நாள்களில், அவருடைய தோடி பிளேட் ஒன்று மூர் மார்க்கெட்டில் என் கைக்கு வந்தது. அறைக்கு எடுத்துச் சென்று போட்டுக் கேட்டேன். தெருமுனைத் தோடி அதில் இல்லை. இருந்தது வேறொரு தோடி. முதல் மூச்சிலேயே ராகத்தைப் பிரகடனம் செய்து, ஒரு பிடியைக்கூட இரண்டாந்தரம் சொல்லாமல், மூன்று நிமிஷம் முடிகிற இடத்தில் இயல்பாக வந்து நின்று, பிளேட்டைத் திருப்பிப் போட்டதும் விட்ட இடத்தில் அல்லாமல் ஒரு படி மேலே தொடங்குகிற தோடி. ஒரு காவியத்தைப் பாடிய புலவனே ஒரு வெண்பாவும் பாடினால், அந்த வெண்பாவைக் காவியத்தின் சுருக்கம் என்று எவரும் சொல்லத் துணிவதில்லை.

அக்காலத்து மூர் மார்க்கெட்டை இப்போதுள்ளவர்களுக்கு வர்ணித்துக் காட்டுவது சிரமம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், செங்கல் நிறத்தில், நான்கு புறமும் தாழ்வாரங்களோடு நின்ற அந்தக் கட்டடத்தில் பழைய புஸ்தகங்கள் ஒரு பக்கமும் கிளிக்கூண்டுகள் ஒரு பக்கமும் இருக்க, நடுவில் பிளேட் வியாபாரிகள் நாலைந்து பேர் தரையில் கோணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் வாங்க வருகிறவனுடைய முகம் நன்றாகத் தெரியும். ஆகையால், தேடுகிற பிளேட் கண்ணில் பட்டுவிட்டாலும் அதை எடுக்காமல், பக்கத்தில் கிடக்கும் ஏதாவது ஒரு சினிமாப் பிளேட்டை வெகு சிரத்தையோடு புரட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

“இது என்ன விலை, பாய்?”

“நாய் மார்க்கு சார் அது. எட்டணாவுக்குக் கொறஞ்சு கொடுத்தா எனக்குக் கட்டாது.”

“அப்படியானால் இந்த உடைந்த விளிம்புக்காரனையும் சேர்த்துக் கொடுங்கள்.”

அந்த விளிம்புக்காரன்தான் நாம் தேடி வந்தவன் என்பதை அவரும் பெரும்பாலும் அறிந்தே இருப்பார். நாய் மார்க்கு என்றால் உயர்ந்த சரக்கு என்பது அவர்களுடைய சித்தாந்தம். ஓடியனையும் கொலம்பியாவையும் சற்று மட்டமாகவே மதிப்பார்கள். தென்னாட்டுச் சங்கீதத்துக்கு ஓடியன் செய்த உபகாரமோ சாமானியமானதன்று. ஜெர்மானியக் கம்பெனியான அதன் பிளேட்டுகளை மௌண்ட் ரோடிலிருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் தயாரித்து விற்று வந்தது. பின்னாளில் படத்தொழிலில் பிரசித்தி பெற்ற மெய்யப்பச் செட்டியாருக்கு அந்த ஸ்தாபனத்தில் பங்கு உண்டு. வியாபாரிகளின் இந்த அபிப்பிராயத்தால் எனக்கு லாபமே தவிர நஷ்டமில்லை என்பதால் அதைத் திருத்த நான் முயன்றதில்லை.

பிளேட்டை வாங்குமுன் பார்க்க வேண்டிய லட்சணங்கள் சில உண்டு. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், நல்ல பிளேட்டின் வரிகள் கருமையாகப் பளபளக்கும். தேய்ந்த பிளேட் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும், முக்கியமாகப் பாட்டு உச்சஸ்தாயிக்குப் போகிற இடங்களில். விரல் கணுவால் மெல்லத் தட்டினால் முழுப் பிளேட் கணீரென்னும். மயிரிழை வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஓசை மட்டமாகிவிடும். காகிதச் சீட்டுக்கும் வரிகளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் படிக்க வேண்டும். சீட்டு பொய் சொன்னாலும் சொல்லும். மூலத்தகட்டில் பொறித்த அந்த எண் எந்தப் பதிவு என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தேய்மானத்துக்குக் காரணம் ஊசி. அக்காலப் பிளேட் அரக்கினால் ஆனது. சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளைகளில் கட்டும் அதே அரக்குதான். அதோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தி எடுப்பார்கள். அந்தக் கல்பொடி, எஃகு ஊசியின் முனையை முதற் சில சுற்றுக்களிலேயே வரியின் வடிவுக்கு அராவிக்கொள்ளும்; ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் ஊசி உளியாக மாறியிருக்கும். ஆகவேதான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று விதித்தார்கள். காப்பி கிளப்காரர்களும், கல்யாணத்துக்கு மைக் செட் வைக்கிறவர்களும் இந்த விதியை லட்சியம் செய்யாமல், ஒரே ஊசியை வாரக்கணக்கில் ஓட்டினார்கள். இதன் விளைவு விசித்திரமானது. ஊரெல்லாம் கொண்டாடிய தியாகராஜ பாகவதரின் பிளேட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, பெரும்பாலும் கேட்க முடியாத நிலையில். எவரும் அதிகமாகப் போட்டுக் கேளாத வீணை தனம்மாளின் பிளேட் எப்போதாவது ஒன்று கிடைத்தால் நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் இருக்கிறது.

தனம்மாள் பெயரை எடுத்ததால் ஒலிப்பதிவின் சரித்திரத்தில் ஒரு பகுதியைச் சொல்லியாக வேண்டும். 1902-ல் கெய்ஸ்பர்க் என்ற நிபுணர் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகர்களின் முதற் பதிவுகளை எடுத்தது முதல், ஏறக்குறைய கால் நூற்றாண்டு வரையில் மைக் என்ற வஸ்து கிடையாது. ஒரு பெரிய குழலின் வாய்க்குள் தலையை நுழைக்காத குறையாகப் பாடவேண்டும். சாரீரத்தின் பலம் ஒன்றே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறியது. மிருதங்கம் சரியாகப் பதியாது; வீணை என்றால் சொல்லவே வேண்டாம். 1925-க்குப் பிறகு மின்சாரப் பதிவு வந்ததனால்தான், ஜார்ஜ் டவுனில் தம் வீட்டுக் கூடத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில், மூச்சு விடுவதற்கும் அஞ்சிக்கொண்டு ரசிகர்கள் கேட்ட தனம்மாளின் வாசிப்பில் சில நிமிஷங்களாவது 1930-களில் பிளேட்டில் ஏறின.

குழல் காலத்துப் பிளேட்டுகளில், பாட்டு முடிந்ததும் பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்வதைக் கேட்கலாம். மெழுகுத் தகடுகளெல்லாம் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்துக்குப் போய் அங்கே பிளேட்டாக வேண்டியிருந்ததால், தமிழும் தெலுங்கும் அறியாத அந்தத் தொழிலாளர்கள் யார் பாட்டு எது என்று தெரிந்து சீட்டு ஒட்டுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை திறந்த பின் இதற்கு அவசியமில்லாமற் போயிற்று. என் போன்றவர்களுக்கு இந்த அறிவிப்பால் எதிர்பாராத பிரயோஜனம் ஒன்று உண்டு. எழுபத்தெட்டுச் சுற்றுப் பிளேட் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஆரம்பகாலத்தில் அந்த எண்ணிக்கையை எவரும் கண்டிப்பாக அனுசரிக்கவில்லை. எழுபதில் எடுத்ததும் உண்டு, எண்பதைத் தாண்டியதும் உண்டு. 78-ல் எடுத்ததை 83-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பாடகியின் சாரீரமும் கீச்சென்று ஆகிவிடும். இயந்திரம் சரியாக 78 சுற்று ஓடுகிறதா என்பதை அறிய, 77 கோடுகள் போட்ட வட்டக் காகிதத்தைப் பிளேட்டின் மேல் வைத்து நம் ஊர் 50 சைக்கிள் மின்விளக்கின் கீழே பார்த்தால், கோடுகள் நகராமல் நின்றுவிடும். பாடிய அன்று மெழுகு எத்தனை சுற்று ஓடியது என்பதை அறியத்தான் காகிதம் உதவாது. அங்கேதான் பேச்சுக் குரல் கைகொடுக்கிறது. பாட்டில் எத்தனை கட்டையிலும் பாடலாம். தன் பெயரைச் சொல்லும்போது மனிதக் குரல் பொய் சொல்வதில்லை. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, அந்த அறிவிப்பு ஒரு சாதாரண மனுஷியின் பேச்சாகத் தொனிக்கும் இடத்தில் நிறுத்தி, பிறகு சுருதிப்பெட்டியில் சட்ஜத்தைத் தேடினால் பெரும்பாலும் ஒரு கட்டையில் வந்து பொருந்திவிடும்.

கோயமுத்தூர்த் தாயியின் பிளேட்டுகளை இந்த முறையில்தான் நான் சரிப்படுத்திக் கேட்டு வருகிறேன். ஆலாபனையிலும் விருத்தத்திலும் அவருடைய சாரீரம் குழையும் விதத்தைக் கேட்டு மயங்கியவர்களில் மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஒருவர். முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன்பு இந்தியாவுக்கு வந்து போன அவர், தாயியின் இசைத்தட்டை ஆதாரமாகக் கொண்டு ‘ராகமாலிகா’ என்ற பியானோ உருப்படி ஒன்றை இயற்றினார். அதில் நம் தாளவாத்திய ஓசையைக் கொண்டுவருவதற்காகப் பியானோவின் தந்தி ஒன்றில் அட்டையைச் செருகி அதன் நாதத்தை மழுக்கச் சொன்னார். நம் ஊரில் எத்தனை சபாக் காரியதரிசிகள் தாயியின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பத்தங்குலப் பிளேட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். பன்னிரண்டங்குலத்தில் நாலு, நாலரை. இந்தக் கொடுங்கோன்மைக்கு உட்பட்டுப் பாடினவர்கள் எதை விடுவது என்பதை முன்னமே தீர்மானித்திருக்க வேண்டும். அனுபல்லவியை ஒரே தடவை எடுத்து, சங்கதிகளில் சாதாரணமானவற்றைத் தள்ளி, மிகச் சிறந்ததை முன்னே வைத்து, காலப்பிரமாணத்தைச் சற்றே துரிதப்படுத்திக்கொண்டு அவர்கள் செய்து காட்டிய அந்தச் சிற்ப வேலையை அறியாதவர்கள்தாம், பழைய வித்வான்கள் எல்லாம் ஓட்டமாகப் பாடினார்கள் என்று சரித்திரம் எழுதுகிறார்கள். முசிரி சுப்பிரமணிய ஐயரின் ‘நகுமோமு’ பிளேட்டை மட்டும் கேட்டவன் அவருடைய விளம்பகால நிரவலை எப்படி ஊகிக்க முடியும்? ஒரே வரியை வைத்துக்கொண்டு, சொற்களைப் பிசகாமல் அந்தந்த இடத்தில் உட்காரவைத்து, அவசரம் என்பதே இல்லாமல் அவர் ராகத்தை விரிக்கும்போது மூன்று நிமிஷத்தில் சில ஆவர்த்தனங்கள்தாம் போயிருக்கும். ஜி. என். பாலசுப்பிரமணியம் விஷயம் இதற்கு நேர்மாறானது. மின்வெட்டும் அவருடைய பிருகாக்களுக்குப் பிளேட்டின் நெருக்கடி ஒத்துக்கொண்டது. அவருடைய கல்யாணி ‘வாஸுதேவயனி’யில் ஒரு விநாடியும் விரயமில்லை. அதைப் பாடம் செய்துகொண்டு மேடையேறிய இளைஞர்களைப் பல சபாக்களில் கேட்டிருக்கிறேன். பிளேட்டில் கேட்ட இடத்தில்தான் மூச்சு விடுவார்கள்.

ரசிகர்களும் அப்படித்தான் பழக்கப்பட்டார்கள். துக்கடா வேளை வந்ததும் மேடைக்குப் போகும் சீட்டுகளில் பாதி, பிளேட்டில் வந்த பாட்டுகளுக்குத்தான். ஒரு சமயம் திருவல்லிக்கேணியில், வித்வான் மனோதர்மமாகச் சேர்த்த ஒரு சங்கதியைக் கேட்டுவிட்டு, பிளேட்டில் இது இல்லையே என்று என் பக்கத்துப் பெரியவர் வருத்தப்பட்டார். வித்வான் ஏதோ அளவில் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்பதுபோல் இருந்தது அவருடைய தொனி.

கச்சேரிக்கென்று தனியான தர்மம் ஒன்று உண்டு. அதைப் பிளேட் கற்பிக்காது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த பத்ததியில், வர்ணத்தில் தொடங்கி, மத்திமகாலக் கீர்த்தனைகளால் சபையைச் சுறுசுறுப்பாக்கி, பிரதான உருப்படிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் வழி செய்துகொண்டு போகிற அந்த ஒழுங்கில், முதல் அரைமணி வித்வானுக்கே சந்தேகமான நேரம். சாரீரம் இன்னும் சுருதியோடு ஒட்டியிராது. பிடில்காரரின் மனநிலை தெரியாது. மண்டபத்தின் எதிரொலி பிடிபட்டிராது. நல்ல ரசிகன் அந்த அரைமணியில் வித்வானை எடை போடமாட்டான். மதுரை மணி ஐயரின் கச்சேரிகளில் எனக்கு மிகவும் பிரியமாயிருந்தது, கல்பனாஸ்வரம் தொடங்கிக் கொஞ்ச நேரமான பின் வருகிற நிலைதான். கணக்கு வழக்கு ஒன்றையும் காட்டாமல், ஸர்வலகுவாக, ஸ்வரங்கள் தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருக்கும். தாளம் போடுகிற கைகள் மண்டபமெங்கும் தம்மையறியாமல் ஒன்றாக அசையும். கோயில் திருவிழாவாக இருந்தால், பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பவனும் தொடையில் தட்டிக்கொண்டிருப்பான். அந்த நிலை முதல் மூன்று நிமிஷத்தில் வந்ததேயில்லை, வரவும் வராது.

மைக் இல்லாமலிருந்தால் பிளேட்டும் வளர்ந்திராது, பெரிய மண்டபக் கச்சேரியும் வளர்ந்திராது. ஆனால் சபாக்களில் அது செய்த அட்டூழியத்தை மறப்பதற்கில்லை. தம்புரா மறைந்துபோக, மிருதங்கத்தின் தொப்பி இடியாக உருள, பாட்டு நடுவில் கூச்சலிட ஆரம்பிக்கும் அந்தப் பெட்டியைச் சரிசெய்ய ஒருவர் மேடைக்கு ஓடிவர, பல்லவி பாழாய்ப்போன மாலைகள் பல உண்டு. பாலக்காடு மணி ஐயர் 1960-களில் மைக் வேண்டாமென்று பிடிவாதமாக நின்றபோது, காலத்தை அறியாதவர் என்று சிலர் பரிகாசம் செய்தார்கள். வாத்தியத்தின் உண்மையான நாதம் காதில் விழுவதற்காக அவர் போராடினார் என்பதே என் கட்சி. ஆனால் பின் வரிசை டிக்கெட்டு வாங்கியவனுக்கு என்ன பதில் என்று கேட்டால் நான் மௌனமாகிவிடுவேன்.

அமெரிக்காவில் 1948-ல் வெளியான நீண்ட இசைத்தட்டு நம் கடைகளுக்கு நிதானமாகத்தான் வந்து சேர்ந்தது. அரக்குக்குப் பதில் வினைல். நிமிஷத்துக்கு 33 1/3 சுற்று. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல். இனிக் கச்சேரியே பிளேட்டில் வந்துவிடும் என்று நண்பர்கள் கொண்டாடினார்கள். எனக்கு அந்த உற்சாகம் பூரணமாக ஏற்படவில்லை. கீறலும் இரைச்சலும் குறைந்தன. அதோடு, எதை விடுவது என்ற கவலையும் குறைந்து, இரண்டாந்தரச் சங்கதிகளும் தாராளமாக இடம்பிடித்துக்கொண்டன. 1963-ல் வெளியான எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் சுப்ரபாதத்தை இதிலிருந்து விலக்கிவிடுகிறேன். அந்த நீளம் அதற்கே உரிய நீளம். விடியற்காலைதோறும் ஓடி உழைத்த காரணத்தால் அதன் கீறலில்லாத பழைய பிரதி கிடைப்பது அபூர்வம்.

மேல்நாடுகளில் கைவிட்ட பின்பும், மின்சாரம் எட்டாத ஊர்களுக்காகக் கல்கத்தா டம்டம் தொழிற்சாலை 78 சுற்றுப் பிளேட்டுகளை 1960-களிலும் அடித்துக்கொண்டிருந்தது; பீட்டில்ஸ் கோஷ்டியின் பாட்டுகள்கூட அப்படி வெளிவந்தன. அவற்றை இன்று அயல்நாட்டார் பெருவிலை கொடுத்துத் தேடுகிறார்கள். அத்தகைய பிளேட்டுகள் மூர் மார்க்கெட்டுக் கோணியில் நலங்குப் பாட்டுகளோடு கலந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியவை அவையல்ல.

1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அரக்கு நன்றாக எரியும் என்பதைத் தவிர அதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. அதன்பின் பிளேட்டுகள் கடையிலிருந்து வருவது குறைந்து, வீடுகளிலிருந்து வரத் தொடங்கின. தாத்தா போய்விட்டார், பரணில் பெட்டி இருக்கிறது, வந்து பாருங்கள் மாமா என்று யாராவது சொல்லியனுப்புவார்கள். போய்ப் பார்த்தால், பிளேட்டுகளை ஒன்றன்மேலொன்றாகப் படுக்கவைத்து, மேலே பித்தளை அண்டாவையும் ஏற்றியிருப்பார்கள். கோடை வெயிலில் அவை வளைந்து தாம்பாளமாகியிருக்கும். நிற்கவைத்துத்தான் வைக்க வேண்டும். வெயிலும் அடுப்பும் அண்டக் கூடாது. பூஞ்சையைத் துடைக்க ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. அரக்கு அதில் கரைந்துபோகும். ஈரத்துணியும், உடனே உலர்ந்த துணியுமே போதும். காகித உறையிலுள்ள பழைய கடை முத்திரையைக் கிழித்தெறிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எந்த ஊரில் யார் என்ன கேட்டார்கள் என்பதற்கு வேறு சாசனம் கிடையாது.

பெட்டிகளில் எவ்வளவுதான் தேடினாலும் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் பல்லவியைப் பற்றிப் பெரியவர்கள் கண்ணில் நீர் வரப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம்கூடப் பதிவில்லை. என். சி. வசந்தகோகிலம் 1951-ல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டதால் அவரை எனக்குப் பிளேட்டில்தான் தெரியும். கச்சேரியில் கேட்ட என் மூத்த சிநேகிதர் ஒருவர், பிளேட்டில் பாதிதான் வந்திருக்கிறது என்பார். மீதிப் பாதி எப்படி இருந்தது என்று கேட்டால் பாடிக்காட்ட ஆரம்பித்துவிடுவார், அது வேறு தொல்லை.

இதே சிநேகிதருக்கும் எனக்கும் தாயியின் ஒரு பிளேட் விஷயமாகத் தகராறு நடந்துகொண்டிருக்கிறது. அது 76 சுற்றில் எடுத்தது என்பது அவருடைய வாதம். 73-க்கு மேல் போனால் கடைசியில் பெயர் சொல்லும் குரல் பத்து வயதுப் பெண்ணுடையதாகிவிடுகிறது என்பது என்னுடையது. என் சுருதிப்பெட்டியின் கட்டைகளே இறங்கிப்போயிருக்கின்றன என்று சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்முடையதைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.